வைரஸ் போன பிறகு உள்ளே நடக்கும் ரகளை

கோவிட் வந்துபோய் மூன்று, நான்கு வாரம் ஆகியிருக்கும். பல பிள்ளைகளுக்கு அது வந்ததே தெரியாது. திடீரென்று காய்ச்சல் கொதிக்கும். கண் சிவக்கும், உடம்பில் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வைரஸே இருக்காது! ரத்தத்தில் ஆன்டிபாடி மட்டும் இருக்கும். அப்படியென்றால் உள்ளே அடிப்பது யார்?

வாங்க, எட்டிப் பார்ப்போம். அடிப்பது பிள்ளையின் சொந்த எதிர்ப்புப் படை! திருடன் ஓடிய பிறகும் தெருவெல்லாம் கம்பு சுழற்றும் காவல்காரர்களைப் போல, இதயத்தையும் குடலையும் ரத்தக்குழாய்களையும் விளாசுகிறது. பெயர் எம்ஐஎஸ்-சி. அபூர்வம்தான், வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை இழுத்துவிடும்.

2020இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனைக்கு இப்படிக் கொந்தளித்த உடம்போடு 8 வயதுச் சிறுவன் வந்தான். அவனுக்குக் கோவிட்டும் இருந்தது. டாக்டர் எஸ். பாலசுப்பிரமணியன் குழுவினர் இரண்டு மருந்து கொடுத்தார்கள், பையன் பிழைத்தான்! ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் அதை எழுதியும் வைத்தார்கள்.

அந்த மருந்துகளின் பின்கதைதான் என்னைத் துள்ள வைக்கிறது. முதலாவது, ஐவிஐஜி. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி அது. கிலோவுக்கு 2 கிராம். 20 கிலோ பிள்ளைக்கு 40 கிராம். சொட்டுச் சொட்டாகப் பல மணி நேரம் ஏறும். நர்ஸ் பக்கத்திலேயே இருந்து பிரஷர் பார்ப்பார். முகம் தெரியாத எத்தனை பேர் அந்த ஒரு பாட்டிலுக்குள்!

இரண்டாவது, டோசிலிசுமாப். படையைக் கிளப்பிவிடும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை போய் ஒட்டும் இடத்தை இது அடைத்துவிடும். ஜப்பானில் பிறந்த மருந்து. இன்னொன்றும் கேளுங்கள்: இதே சாயல்கொண்ட நோயை 1967இல் 50 குழந்தைகளிடம் விவரித்த டோமிசாகு கவாசாகியும் ஜப்பான்காரரே. உலகமே எம்ஐஎஸ்-சியைப் பற்றிப் பேசத் தொடங்கிய 2020 ஜூனில், 95 வயதில் அவர் மறைந்தார்.

ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வந்து, கொதிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் படப்பைப் பெற்றோரிடம் டாக்டர் கேட்பார்: “போன ரெண்டு மாசத்துல வீட்ல யாருக்காவது காய்ச்சல் வந்துச்சாம்மா?” சளிதானே என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஃபெரிட்டின் அளவுகளைப் பார்ப்பார்கள். எக்கோ ஸ்கேன் எடுத்து, சில மில்லிமீட்டரே அகலமுள்ள இதய ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கின்றனவா என்று அளப்பார்கள்.