வாடகை போதுமா, வாழ்நாள் ஓய்வுக்கு?

நிலத்தை ஆலைக்குக் கொடுத்தவர்கள் அறை கட்டி வாடகை வாங்குகிறார்கள். அந்த அறைகளில் தங்கி வேலை பார்ப்பவர்கள் ஐம்பது வயதில் ஊர் திரும்பக் கனவு காண்கிறார்கள். இரு தரப்பும் போட வேண்டிய கணக்கு ஒன்றுதான்.

புனேயிலிருந்து அகமத்நகர் (2024 முதல் அகில்யாநகர்) செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது ரஞ்சன்காவ். அஷ்டவிநாயகர் தலங்கள் எட்டில் ஒன்றான மகாகணபதி கோயிலால் பெயர் பெற்ற ஊர். 1990களில் இங்கே மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகத்தின் (எம்.ஐ.டி.சி.) தொழிற்பேட்டை வந்தபின் ஊரின் இன்னொரு முகவரி மாறிப்போனது. ஃபியட், எல்.ஜி., வேர்ல்பூல் என்று பெரிய ஆலைகள். ஜீப் காம்பஸ் கார் 2017 முதல் தயாராவது இங்கேதான். கம்பும் வெங்காயமும் விளைந்த ஷிரூர் தாலுகா மண்ணில் இப்போது வேறொரு மகசூல்: வாடகை.

ஆலை வந்த எல்லா ஊர்களிலும் நடப்பதுதான் இங்கும் நடந்தது. நிலத்துக்குக் கிடைத்த நஷ்ட ஈட்டில் ஒரு பகுதி வீடாயிற்று, ஒரு பகுதி வண்டியாயிற்று, ஒரு பகுதி கல்யாணச் செலவாயிற்று. மிச்சத்தை வைத்து வரிசையாக அறைகளைக் கட்டியவர்கள் விவரமானவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். மழையை நம்பியிருந்த குடும்பத்துக்கு மாதம் பிறந்தால் பணம். ‘இனி எதற்கு உழைப்பு?’ என்ற எண்ணம் நாற்பத்தைந்து வயதிலேயே தலைகாட்டுவதில் வியப்பில்லை.

ஆனால், வாடகை வேறு, ஓய்வூதியம் வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் ஓய்வு எடுப்பவர்கள் அறுபது வயதில் மீண்டும் வேலை தேட நேரிடும்.

கையில் நிற்பது எவ்வளவு?

ஒரு மாதிரிக் கணக்கு. பன்னிரண்டு அறைகள், அறைக்கு ரூ. 3,500 வாடகை என்று வைத்துக்கொள்வோம். மாதம் ரூ. 42,000, ஆண்டுக்கு ரூ. 5.04 லட்சம். கேட்கக் குளிர்ச்சியான தொகை. ஆனால் எல்லா அறைகளும் பன்னிரண்டு மாதமும் நிரம்பி இருப்பதில்லை. சராசரியாக இரண்டு மாத வாடகை விட்டுப்போனால் ரூ. 84,000 போயிற்று. வீட்டு வரி, தண்ணீர், பொது விளக்கு, மோட்டார் பழுது, வெள்ளையடிப்பு என்று ஆண்டுக்கு ரூ. 60,000 கழியுங்கள். மிஞ்சுவது ரூ. 3.6 லட்சம், அதாவது மாதம் ரூ. 30,000.

கடன் வாங்கிக் கட்டியிருந்தால் கதை மாறும். ரூ. 15 லட்சம், 9 சதவீத வட்டி, பத்தாண்டுத் தவணை என்றால் மாதத் தவணை சுமார் ரூ. 19,000. கையில் நிற்பது வெறும் ரூ. 11,000. ஆக, கடைசித் தவணை கட்டும் நாள் வரை அந்த அறைகளில் பாதிக்கு மேல் வங்கிக்குச் சொந்தம் என்றுதான் எண்ண வேண்டும். கடன் தீரும் தேதிக்கு முன்னால் ஓய்வுத் தேதியைக் குறிக்கக் கூடாது.

வரி விஷயத்தில் மட்டும் வாடகைக்குச் சலுகை உண்டு. வாடகையில் உள்ளாட்சி வரியைக் கழித்து, மீதத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்காகத் தள்ளுபடி செய்துவிட்டு எஞ்சியதைத்தான் வருமானமாகக் கணக்கிடுகிறார்கள். பில் காட்டத் தேவையில்லை.

ஆலை நின்றால்...

அறைகளின் வாழ்வு ஆலையின் வாழ்வோடு கட்டப்பட்டிருக்கிறது. இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அதே புனே மாவட்டத்தில் தளேகாவில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. அதை வாங்க ஹூண்டாய் ஒப்பந்தம் செய்தது 2023ல்தான். தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006ல் தொடங்கி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்து, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையின் உற்பத்தி 2022ல் முடிந்தது. மூடிய ஆலைக்கு வேறொரு முதலாளி வரலாம். அதுவரை மூன்று, நான்கு ஆண்டுகள் காலி அறைகளோடு தாக்குப்பிடிக்க வேண்டியது அறைக்காரரின் பாடு.

எனவே ஓராண்டுக் குடும்பச் செலவாவது வங்கி வைப்பில் தனியாக இருக்க வேண்டும். எல்லா அறைகளும் ஒரே ஆலையின் தொழிலாளர்களை நம்பியிருப்பதும் ஆபத்து. இரண்டு, மூன்று ஆலைகளின் ஆட்கள், ஒரு கடை, ஒரு குடும்பக் குடியிருப்பு என்று கலந்திருந்தால் அடி ஒரே நேரத்தில் விழாது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் புனே ஹடப்சரின் மகர்பட்டா விவசாயிகள். நகரம் தங்கள் வயலை விழுங்க வருவதைக் கண்டு, சதீஷ் மகர் தலைமையில் சுமார் 120 குடும்பங்கள் ஏறக்குறைய 400 ஏக்கரை ஒன்றாகச் சேர்த்தன. நிலத்தின் அளவுக்கேற்ப கம்பெனியில் பங்கு. நிலத்தை விற்றுவிட்டு விலகாமல், அதில் எழுந்த நகரத்தின் வருமானத்தில் பங்காளிகளாகவே நீடித்தார்கள். எல்லா ஊரிலும் இது சாத்தியமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஒரே கட்டடத்தில் தொங்கக் கூடாது என்ற பாடம் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

குடியிருப்பவரின் கணக்கு

அறைக்குள் இருப்பவரின் நம்பிக்கை பி.எஃப். மேல். மாதச் சம்பளத்தில் பிடித்தம் ஆகிறதே, ஐம்பதில் போதும் என்று ஊருக்குப் போய்விடலாம் என்பது அவரது எண்ணம். அவர் பார்க்க வேண்டியது 1995 நவம்பர் 16ல் அமலுக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தை.

அதன் சூத்திரம் எளிது. ஓய்வூதியத்துக்கான சம்பளத்தைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். இதற்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் ரூ. 6,500லிருந்து ரூ. 15,000 ஆக உயர்த்தப்பட்டது. அந்த வரம்பை வைத்துக்கொண்டு பார்த்தால், 28 வயதில் சேர்ந்து 50ல் விலகும் ஒருவரின் 22 ஆண்டுப் பணிக்கு 58 வயதில் கிடைப்பது மாதம் சுமார் ரூ. 4,700. ஐம்பதிலேயே வாங்கத் தொடங்கினால், 58க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. கால் பங்குக்கு மேல் போய்விடும். கைக்கு வருவது ரூ. 3,400ஐத் தாண்டாது. விலைவாசிக்கு ஏற்ப இது ஏறுவதும் இல்லை. அரசு ஊழியரின் பென்ஷனைப் போலப் பஞ்சப்படி கிடையாது.

காண்டிராக்ட் தொழிலாளர்களுக்கு இன்னொரு கண்ணி. மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டால் ஆண்டுக் கணக்கு அறுந்துபோகும். பழைய கணக்கைப் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்பவருக்குத்தான் ஆண்டுகள் சேரும்.

ஓய்வூதியம் சிறியது என்றால் முதுகெலும்பாக இருக்க வேண்டியது பி.எஃப். சேமிப்பு. 1990களில் அதற்கு 12 சதவீத வட்டி கிடைத்தது. 2024-25ல் கிடைத்தது 8.25 சதவீதம். அப்பா வாங்கிய வட்டியை நினைத்துக்கொண்டு மகன் ஓய்வைத் திட்டமிட முடியாது. வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வருமான வரியும் உண்டு.

ஐம்பதிலிருந்து அறுபது வரை

சீக்கிரம் ஓய்வு பெறுகிறவர் தாண்ட வேண்டிய பள்ளம் இந்தப் பத்தாண்டுதான். முழு ஓய்வூதியம் 58ல். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் பொதுவாக 60ல். அடல் பென்ஷனும் 60ல்தான். அதுவரை சாப்பாடு, படிப்பு, மருந்து எல்லாம் சொந்தச் சேமிப்பில் நடக்க வேண்டும்.

பணவீக்கம் 6 சதவீதம் என்றால் பன்னிரண்டு ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகும். இன்று மாதம் ரூ. 30,000ல் நடக்கும் குடும்பத்துக்கு 62 வயதில் ரூ. 60,000 தேவை. இங்கேதான் வாடகை கைகொடுக்கிறது: வங்கி வட்டி அப்படியே நிற்கும், வாடகையை ஏற்றலாம்.

எவ்வளவு சேர்ந்தால் போதும்? வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ல் ஒரு கணக்குச் சொன்னார். முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டால் முப்பது ஆண்டுகள் தாங்கும் என்றார். அது அமெரிக்க அனுபவம். ஐம்பதில் ஓய்வு பெறுகிறவர் நாற்பது ஆண்டுகளுக்கும் தயாராக வேண்டும். 3 சதவீதம் என்று வைப்பதே பத்திரம். அதாவது ஆண்டுச் செலவைப் போல் 33 மடங்கு.

மாதம் ரூ. 30,000 செலவுள்ள குடும்பத்துக்கு இது ஏறக்குறைய ரூ. 1.2 கோடி. செலவு போக ரூ. 15,000 நிச்சயமாக நிற்கும் வாடகை இருந்தால், மீதி ரூ. 15,000க்கு ரூ. 60 லட்சம் போதும். வாடகை பாரத்தைப் பாதியாக்குகிறது. முழுதாக இறக்கிவைப்பதில்லை.

மருத்துவம் தனிக் கணக்கு. வேலை போனால் ஆலையின் காப்பீடும் போகும். நோய் வருவதற்கு முன்பே குடும்பத்துக்குச் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுத்து வைப்பது அவசியம்.

காகிதம் சரியாக இருக்கிறதா?

மகாராஷ்டிரத்தில் நம் ஊர் பட்டா, சிட்டா போல ‘சாத்-பாரா’ என்னும் 7/12 பதிவேடுதான் நிலத்தின் ஜாதகம். விவசாய நிலத்தில் விவசாயம் அல்லாத உபயோகத்துக்கு அனுமதி பெறாமல் கட்டிய அறை, விற்கும்போதும் கடன் கேட்கும்போதும் சிக்கல் தரும். 7/12ல் உள்ள பங்காளிகளின் பெயர்களையும் பார்க்க வேண்டும். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு உண்டு என்று 2005ல் நாடு முழுவதற்குமாகச் சட்டம் திருத்தப்பட்டது. சகோதரியின் பங்கை மறந்து போட்ட ஓய்வுத் திட்டம் நீதிமன்றப் படியேறும்.

வாடகை ஒப்பந்தமும் அப்படியே. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ன் 55வது பிரிவின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. தவறினால் தகராறில் குடியிருப்பவரின் சொல்லே எடுபடும், தண்டனையும் உண்டு. தமிழ்நாட்டிலும் 2019 பிப்ரவரியில் அமலான சட்டம் எழுத்து மூல ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியது.

கடன் தீர்ந்ததா, காலி அறைக்குக் கையிருப்பு உண்டா, 58 வரை ஓட்டப் பணம் இருக்கிறதா, காகிதங்கள் சுத்தமா? நான்குக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தவர் ஐம்பதில் தாராளமாக ஓய்வு எடுக்கலாம். ஒன்றுக்குத் தயங்கினாலும், இன்னும் சில வருடம் ஷிஃப்டுக்குப் போவதே நல்லது.