மொழிகளுக்குக் கலைக்களஞ்சியத் தலைப்பு அமைத்தல்

கலைக்களஞ்சியத்தில் ஒரு பொருளைத் தேடுவோர் முதலில் நாடுவது தலைப்பையே. உலோகம், தாவரம் முதலியவற்றிற்கு அறிவியற் பெயர்கள் வரையறுக்கப்பட்டுள்ளமையால் தலைப்பு அமைப்பதில் இடர்ப்பாடு குறைவு. மொழிகளின் நிலை வேறு. ஒரே மொழிக்கு அதனைப் பேசுவோர் ஒரு பெயரையும், அயலார் வேறொரு பெயரையும், அரசாங்கப் பதிவேடுகள் மற்றொரு பெயரையும் வழங்குவதுண்டு.

திருவனந்தபுரம் கலைக்களஞ்சியத் தொகுப்பில் நீண்ட பழக்கமுள்ள நகரமாகும். கேரள அரசின் கலைக்களஞ்சிய வெளியீட்டு நிறுவனம் மலையாளத்தில் தொகுத்த ‘சர்வவிஜ்ஞானகோசம்’ என்னும் நூலின் முதல் தொகுதி 1972-இல் வெளிவந்தது. அறிஞர் வ. ஐ. சுப்பிரமணியம் 1977-இல் நிறுவிய பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளி, 1990-களில் திராவிடக் கலைக்களஞ்சியத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டது. இத்தகைய நூல்களில் எழும் சிக்கலுக்குக் கேரளத்திலேயே தக்க எடுத்துக்காட்டு உண்டு.

வயநாட்டிலும் அதனையடுத்த குடகிலும் வாழும் பழங்குடியினர் ஒருவகையினர் தங்களை ‘ராவுளர்’ என அழைத்துக்கொள்கின்றனர். கேரளப் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் ‘அடியர்’. கர்நாடகப் பட்டியலில் ‘எரவர்’. அடியர் என்னும் பெயர் பண்டைய அடிமை நிலையை நினைவூட்டுவது. 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கு எரவ மொழியை மலையாளத்தின்கீழ் அடக்கியது. பன்னாட்டு மொழிக் குறியீட்டுப் பட்டியலிலோ அதற்குத் தனிக் குறியீடு உண்டு. அகரவரிசையில் அமைந்த நூலில் அடியர் என்பது முதல் தொகுதியிலும், ராவுளர் என்பது இறுதியை அடுத்த தொகுதிகளிலும் சென்று சேரும். ஒரே மக்களைப் பற்றிய செய்தி இரண்டு மூன்று இடங்களில் சிதறுமாயின், அவர்கள் வெவ்வேறு இனத்தவர் என்ற தவறான எண்ணமே கற்போர்க்கு ஏற்படும்.

இதனைத் தவிர்க்கத் தொகுப்பாளர் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, படிப்போர் பெரிதும் அறிந்த பெயரைத் தலைப்பாகக் கொள்ளுதல். அப்பெயர் இழிவுப் பொருள் தருமாயின், பேசுவோர் தாமே வழங்கும் பெயரை ஏற்றல். இரண்டாவது, மக்களையும் மொழியையும் ஒரே சொல் குறிக்குமிடத்து ‘மொழி’ என்பதைச் சேர்த்தல். தமிழ் என்பதற்கு இச்சேர்க்கை வேண்டுவதில்லை. தோடர் மொழி என்பதற்கு வேண்டும். மூன்றாவது, ஏனைய பெயர்களையும் அகரவரிசையில் நிறுத்தி, ‘காண்க’ என்னும் குறிப்பால் உரிய கட்டுரைக்கு வழிகாட்டுதல். எந்தப் பெயரைக் கொண்டு தேடினும் ஒரே கட்டுரையை அடையச் செய்வது இம்மூன்றாவது முறையே.

அயலார் இட்ட பெயரால் மயக்கம் நேர்வது புதிதன்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் போர்த்துக்கேயத் தலைப்பு, அதன் மொழியை ‘மலபார்த் தமிழ்’ எனக் குறித்தது. பின்னர் ஐரோப்பியர் தமிழை ‘மலபார் மொழி’ என்றே பலகாலம் எழுதினர். பழைய ஆவணங்களில் அப்பெயரைக் காண்போர், அது தமிழையா மலையாளத்தையா குறிக்கின்றதென ஆராய்ந்தே துணிதல் வேண்டும்.

கலைக்களஞ்சியத்திற்குரிய இவ்வொழுங்கு பள்ளிப் பதிவேட்டிற்கும் களக்குறிப்பிற்கும் பொருந்தும். ஒரு குழந்தையின் தாய்மொழியைப் பதியும்போது, வீட்டார் சொல்லும் பெயரை அவ்வாறே எழுதி, பட்டியலில் உள்ள பெயரை அதன் அருகிற் குறித்தல் நன்று. பட்டியலிலுள்ள பெயரை மட்டும் எழுதினால், வீட்டில் ராவுள மொழி பேசும் குழந்தை ஏட்டில் மலையாளம் பேசும் குழந்தையாகிவிடும். வகுப்பில் அது பாடத்தை உணர இடர்ப்படுவதன் காரணமும் ஆசிரியருக்குப் புலப்படாது.