குடத்தை இறக்கும் இரண்டு நொடி

“தோட்டத்தை மண்வெட்டியால் கொத்தி, வாசலைக் குனிந்து பெருக்கி, தண்ணீரைக் குடத்தில் சுமந்தால் போதாதா? ஜிம் எதற்கு?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எவ்வளவு கலோரி கரையும் என்றும் கேட்கிறார்.

இந்த விஷயத்தில் உலவும் கலோரிக் கணக்குகள் பெரும்பாலும் ஊதிப் பெருக்கியவை. மண் கொத்துவதற்குச் சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆற்றல் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 300 கலோரி. அதில் 60, அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடுநடுவே நிமிர்ந்து மூச்சு வாங்கும் நேரத்தையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது இன்னும் குறைவு. பெருக்குவதற்கு மண் கொத்துவதைவிடக் குறைவு.

ஆனால் கலோரியில் அகப்படாத ஒன்று இந்த வேலைகளில் இருக்கிறது. குடத்தைத் தூக்கும்போது தசை சுருங்கியபடி இழுக்கிறது. இறக்கி வைக்கும்போது அதே தசை இழுத்துப் பிடித்தபடியே நீள்கிறது. களை பிடுங்கக் குனிகையில் முதுகும் பின்தொடையும் இப்படித்தான் வேலை செய்கின்றன. படி இறங்குகையில் முன்தொடை.

உள்ளே நடப்பதுதான் அழகு. மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கின்றன. தேர்வடத்தைப் பிடித்த ஆயிரம் கைகளாக அவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கையும் பிடியை விட்டு மறுபடி பிடிக்க, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று கூலி. இப்போது தேர் சரிவில் இறங்குகிறது. வடத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். வடமே பல கைகளைப் பிய்த்து விடுவித்துவிடுகிறது. அப்படி விடுபட்ட கைக்குக் கூலி கிடையாது. அது உடனே மறுபடி பற்றிக்கொள்கிறது. இதற்கு ஆட்களும் குறைவாகவே போதும். அதனாலேயே நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் கனம் கூடி, உள்ளங்கை கன்றிப்போகிறது. முட்டுக்கட்டை போடவும் ஓர் ஆள் உண்டு: டைட்டின் என்ற நீண்ட புரதம். இழுபட இழுபட அது விறைத்து, தசை அளவு மீறி நீளாமல் தடுக்கிறது.

வரலாறு ஒரு வரி. 1952-ல் அபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களைச் சங்கிலியால் பிணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் எதிர்த்துத் தடுக்கும்படி செய்தார்கள். விசை ஒன்றே, தடுத்தவருக்கோ ஆக்ஸிஜன் பல மடங்கு குறைவாகவே செலவானது.

மூச்சு வாங்காமலேயே தசைக்குப் பெரிய சுமை கிடைக்கிறது என்பதே இதன் பொருள். முதியவர்களுக்கு வலுவூட்டும் பயிற்சியில் இறக்கத்துக்கு இடம் கொடுப்பது இதனால்தான். மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பதும் இதுவே. அந்த வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குறைசொல்வது தவறு. அது ஓரிரு மணி நேரத்தில் அகன்றுவிடும். வலியோ ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும்.

வாசகருக்குப் பதில்: வீட்டு வேலை கணக்கில் சேரும். உடல் உழைப்பு தொடர்ந்து பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை, உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் இல்லை. வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் வேலை என்கிறது அது. அதற்காக உரலையும் அம்மியையும் பெண்கள் தலையில் மறுபடி ஏற்றும் பேச்சு வேண்டாம். உலக்கை பிடித்த நம் பாட்டிகள் ஆரோக்கியத்துக்காகக் குத்தவில்லை; குத்தாவிட்டால் அன்றைக்குச் சோறில்லை.

மண்வெட்டியைப் புதிதாகத் தொடுபவர் முதல் நாள் கால் மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒருமுறை இப்படிச் சுமை தாங்கிய தசைக்கு அடுத்த முறை வலி வெகுவாகக் குறையும். அந்தக் காப்பு சில வாரங்கள் நிற்கும். குடத்தையும் பொத்தென்று போடாமல், முழங்காலை மடக்கி மெதுவாக இறக்குங்கள்.