முன்மண்டபத்து ஆசனங்கள்

கதிரை, மேசை என்னும் சொற்கள் ஈழத்தமிழருக்குப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. அதற்குமுன் வந்தாரை இருத்தத் திண்ணையும் பாயுமே பெரும்பாலும் போதுமாயிருந்தன. இன்றோ முன்மண்டபம் என்றதும் சோபாவே நினைவுக்கு வருகின்றது. கடையின் வெளிச்சத்தில் அதன் மெருகைக் கண்டு மயங்கி, தவணை முறையில் வாங்கி, வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தபின் அது உள்ளே நுழையாமை கண்டு திகைப்போர் பலர்.

ஆதலின், தெரிவு வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும். மூவர் அமரும் சோபாவின் நீளம் பொதுவாக 6 அடி முதல் 7 அடி வரையாகும். 10 அடிக்கு 12 அடியான அறையில் அதனுடன் பருத்த கைக்கதிரைகள் இரண்டையும் இட்டால், மனிதர் பக்கவாட்டில் நகர்ந்தே நடக்க நேரும். பழைய பத்திரிகைத் தாள்களை ஆசனங்களின் அளவுக்கு ஒட்டி நிலத்தில் விரித்து, வீட்டார் ஒருநாள் அவற்றைச் சுற்றி நடந்து பார்த்தல் நன்று. நடைவழிக்கு இரண்டரை அடியேனும் எஞ்சவேண்டும்.

அடுத்துக் காணவேண்டியது உயரம். இதனையே பலரும் மறந்துவிடுகின்றனர். ஆழ்ந்து தாழ்ந்த மெத்தை இளைஞருக்கு இன்பம். முழங்கால் நோவுள்ள மூதாட்டிக்கோ அது ஒரு பொறி. பிறர் கைகொடுத்துத் தூக்கவேண்டிய நாணத்துக்கு அஞ்சி, விருந்தினர் வந்தபோதும் அவர் உள்ளேயே இருந்துவிடுவார். நிலத்திலிருந்து 17 அல்லது 18 அங்குல உயரமும், உறுதியான இருக்கையும், ஊன்றி எழக் கைகளும் உள்ள ஆசனம் ஒன்றேனும் அறையில் இருத்தல் அவசியம்.

சட்டத்தின் உறுதியைச் சோதிக்க எளிய வழியுண்டு. சோபாவின் முன்கால் ஒன்றை அரையடி அளவு உயர்த்தினால் மற்றை முன்காலும் உடன் எழவேண்டும். எழாது நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கின்றது என்பதே பொருள். எத்துணை அழகிய துணி போர்த்தியிருந்தாலும் அதனை விட்டுவிடலாம்.

சோபாவுடன் சேரும் கதிரைகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கவேண்டியதில்லை. இருக்கைகளின் உயரம் ஏறக்குறைய ஒத்து, மரத்தின் நிறம் இசைந்து, சோபாத் துணியின் ஒரு வண்ணம் கதிரைத் திண்டிலும் வந்தால் போதும். பிரம்புக் கதிரைகள் இத்தகைய துணைக்கு மிகப் பொருத்தமானவை. கண்டி வீதியில் வேவல்தெனியக் கடைகளில் அவை வரிசையாகத் தொங்கக் காணலாம். எடை குறைந்தமையால், சம்பந்தம் பேச வருவோர் தொகை எதிர்பாராது பெருகினும் ஒரு கையால் தூக்கி இடம் மாற்றலாம். புழுக்கத்தில் றெக்சீன் முதுகோடு ஒட்டும். பிரம்புப் பின்னலோ காற்றை விடும்.

புதிய ஆசனங்கள் வந்த வீட்டில் பாட்டனாரின் சாய்மனைக் கதிரை அடுக்களைப் பக்கத்து விறாந்தைக்குப் பெயர்வதும், அதன்பின்னே பாட்டனாரும் பெயர்வதும் அரிய காட்சியல்ல. பின்னல் தொய்ந்தது என்பதே பெரும்பாலும் அதன்மேற் சாற்றப்படும் குற்றம். அறுபடாத பின்னலாயின், அடிப்புறத்தை ஈரத்துணியால் நன்கு நனைத்து, எவரும் அமராது ஓரிரவு உலரவிட்டால் அது மீண்டும் இறுகும். மரத்துக்குச் சோபாவின் நிறத்தில் மெருகிட்டு, சாளரத்தின் அருகே, வீதி தெரியும்படி அதனை இட்டுவிடலாம்.