இருபத்தொரு நாள் காவல்

ஊரில் இருந்தபோது குஞ்சு பொரிக்க வைப்பது ஒரு பெரிய வேலையாக எமக்குத் தோன்றியதில்லை. பழைய கடகம் ஒன்றில் வைக்கோலைப் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து, அடைக்கோழியை அதன்மேல் இருத்திவிட்டால் மிகுதியைக் கோழி பார்த்துக்கொள்ளும். 1990ஆம் ஆண்டு யூன் மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியபோது கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்தோம். பல இடங்களில் அலைந்து, இறுதியில் இரத்மலானையில் வாடகை வீடொன்றில் தங்கினோம்.

எமது காணியின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தபின், அங்கே ஒரு சிறு வீட்டைத் திருத்தத் தொடங்கினோம். வேலை முடியும்வரை சும்மா இராமல், இங்கேயே ஊர்க்கோழிக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்து, வளர்த்துக் கொண்டுபோவோம் என்று எண்ணினோம். ஆனால் எம்மிடம் அடைக்கோழி இல்லை. ஆகவே 2025 சனவரியில் முதன்முறையாக ஒரு அடைகாக்கும் பெட்டியைச் செய்தோம். எம்மைப் போல் மீண்டும் தொடங்க நினைக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் எமது அனுபவத்தையும் தவறுகளையும் இங்கே தருகின்றோம்.

பெட்டியும் முட்டையும்

மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டி ஒன்று, இரண்டு மின்குமிழ்கள், ஒரு சிறிய மின்விசிறி, புறக்கோட்டையில் வாங்கிய வெப்பக் கட்டுப்படுத்தி, வெப்பமானி, ஈரப்பதமானி ஆகியவையே எமது பொருட்கள். காற்றோட்டத்துக்காகப் பெட்டியின் பக்கங்களிலும் மூடியிலும் துளைகள் இட்டோம். முட்டை வைப்பதற்கு முன் ஒரு முழுநாள் வெறும் பெட்டியை இயக்கி, வெப்பம் 37.5 பாகை செல்சியஸில் நிலைத்து நிற்பதை உறுதி செய்தோம். விசிறி இல்லாத பெட்டியாயின், முட்டையின் மேல்மட்டத்தில் ஏறத்தாழ ஒரு பாகை கூடுதலாக இருக்க வேண்டும்.

உறவினர் அனுப்பிய 24 முட்டைகள் யாழ்ப்பாண இரவுப் பேருந்தில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தன. பயணத்தில் குலுங்கிய முட்டைகளை உடனே அடைவைக்கக் கூடாது. கூரிய முனை கீழே இருக்கும்படி ஒருநாள் ஆறவிட்டோம். வெடித்தவற்றையும் மிக அழுக்கானவற்றையும் அடைவைக்க எடுக்க வேண்டாம். முட்டையைக் கழுவவும் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டைகளில் பொரிக்கும் அளவு குறைந்துகொண்டே போகும்.

சனவரி 28ஆம் திகதி முட்டைகளை வைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் புள்ளடியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் இட்டு, நாளுக்கு ஐந்து தடவை புரட்டினோம். ஒற்றை எண்ணாகப் புரட்டினால், நீண்ட இரவு நேரத்தில் ஒரே பக்கம் தொடர்ந்து மேலே இராது. பாத்திரத்தில் நீர் வைத்து ஈரப்பதனை 50 முதல் 55 வீதமாகப் பேணினோம்.

ஏழாம் நாள் இருட்டறையில் ரோச் வெளிச்சத்தில் பார்த்தோம். சிலந்தி வலைபோல் நரம்புகள் தெரிந்தவை உயிருள்ளவை. எதுவுமே தெரியாத ஐந்து முட்டைகளை அகற்றினோம்.

மின்சாரம் நின்ற நாள்

பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. எமக்குத் தெற்கே பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என மின்சக்தி அமைச்சர் கூறினார். எமது முட்டைகளுக்கு அது பன்னிரண்டாம் நாள்.

முதலில் நாம் பதறினோம். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரே, "கோழியும் தீன் தின்ன எழும்பிப் போறதுதானே, மூடியைத் திறக்காதையுங்கோ" என்றார். அவர் சொன்னதே சரி. சுடுநீர் நிரப்பிய போத்தல்களைத் துணியில் சுற்றி, முட்டைகளில் முட்டாதவாறு ஒரே தடவையில் உள்ளே வைத்தோம். காற்றுத் துளைகளை மறைக்காமல் பெட்டியைக் கம்பளியால் போர்த்தோம். மாலை நான்கு மணி கடந்தே எமது வீட்டுக்கு மின்சாரம் வந்தது. அடுத்த இரு நாட்களும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு.

சில மணிநேரக் குளிரைக் கரு பெரும்பாலும் தாங்கும்; பொரிப்பது சற்றுப் பிந்தலாம். ஆனால் 40 பாகைக்கு மேற்பட்ட சூடு விரைவில் கொன்றுவிடும். எனவே மின்சாரம் திரும்பியதும் அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்ட வேண்டாம். எகிப்தியர் வெப்பமானி இல்லாத காலத்தில் மண்சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தனர். முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அறிந்தனர் என்பர். கருவி எதுவாயினும் காவலே முக்கியம்.

பதினான்காம் நாள் மீண்டும் பார்த்தபோது இரண்டு முட்டைகளில் கரு இறந்திருந்தது. பதினேழு எஞ்சின.

எமது தவறு

பதினெட்டாம் நாளுடன் புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதனை 65 முதல் 70 வீதமாக உயர்த்தினோம். இருபதாம் நாள் இரவு முதலாவது ஓடு வெடித்துக் "கீச்" என்ற சத்தம் கேட்டது. பிள்ளைகளும் நாமும் ஆவல் தாங்காமல் அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தோம். ஈரம் வெளியேறியது. ஓட்டைக் கொத்திய இரண்டு குஞ்சுகள், உள்தோல் காய்ந்து ஒட்டியதால் வெளிவர முடியாமல் இறந்தன. இன்னும் இரண்டு முட்டைகள் வெடிக்கவே இல்லை. பதின்மூன்று குஞ்சுகள் கிடைத்தன.

மின்தடை கொல்லாத குஞ்சுகளை எமது ஆவல் கொன்றது. கடைசி மூன்று நாட்களும் மூடியைத் திறக்காதீர்கள். பொரித்த குஞ்சுக்கு வயிற்றிலுள்ள மஞ்சட்கரு இரண்டு நாட்களுக்குப் போதும். நன்கு உலர்ந்தபின் எடுக்கலாம். முதல் வாரம் அவை இருக்கும் இடத்தில் 35 பாகையளவு சூடு தேவை. பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை வரை குறைக்கலாம். இராணிக்கெட் தடுப்பு மருந்து பற்றி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் நேரகாலத்துடன் கேளுங்கள்.

தொடங்குவோருக்கு

முதன்முறை பத்து முட்டைகள் போதும். சுடுநீர்ப் போத்தல்களையும் கம்பளியையும் முட்டை வைக்கும் முன்னரே ஆயத்தம் செய்யுங்கள். அடைக்கோழி கிடைத்தால் முட்டைகளில் பாதியை அதனிடம் கொடுங்கள். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை.

இரண்டு குஞ்சுகள் முதல் வாரத்தில் இறந்தன. மிகுதிப் பதினொன்றையும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் உறவினரின் வானில் ஊருக்குக் கொண்டு சென்றோம். புதிய கூட்டின் கதவைத் திறந்துவிட்டதும் அவை எமது முற்றத்து மண்ணைக் கிளறத் தொடங்கின. 1990இல் கூட்டைத் திறந்துவிட்டு வந்த அதே பெரியவர், அன்று மாலை அவற்றை எண்ணிப் பார்த்துக் கூட்டைப் பூட்டினார்.