நீராவி அறையில் கூடும் வணிகர்கள்

வியாபாரிக்கு அழைப்பு பல விதமாக வரும். கல்யாணத்துக்கு வரும், புதுக்கணக்குப் பூஜைக்கு வரும், கடை திறப்புக்கு வரும். பின்லாந்து நாட்டாருடன் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால், ஒரு நாள் குளிக்க வரும்படி அழைப்பு வரும். கேலி என்று நினைத்துவிட வேண்டாம். 'சவுனா' என்னும் வெப்ப அறையில் ஒன்றாக உட்கார்ந்து வியர்ப்பதற்கான அழைப்பு அது. விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையாகவே அதை அவர்கள் கருதுகிறார்கள்.

2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி தயாரித்த நோக்கியா கம்பெனியின் தாய்நாடு பின்லாந்து. ஜனத்தொகை ஏறத்தாழ 55 லட்சம். சவுனாக்களோ 30 லட்சத்துக்குக் குறையாது. வீட்டில் இருக்கும், ஏரிக்கரையில் இருக்கும், கம்பெனிக் கட்டடத்தில் இருக்கும், நாடாளுமன்றத்திலும் இருக்கிறது. முற்காலத்தில் பிரசவம் பார்த்ததும், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் அந்த அறையில்தான். சவுனாவுக்குரிய நாள் சனிக்கிழமை. அவர்கள் மொழியில் அந்தக் கிழமையின் பெயரே 'குளியல் நாள்' என்னும் பழைய ஸ்காண்டிநேவியச் சொல்லிலிருந்து வந்ததாகும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2020-ல் யுனெஸ்கோ பின்லாந்தின் சவுனா வழக்கத்தைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அறை மரப்பலகையால் ஆனது. படிபடியாகப் பலகை ஆசனம். ஒரு பக்கம் அடுப்பு, அதன்மேல் குவித்த கற்கள். வெப்பம் 80, 90 டிகிரி இருக்கும். காற்று உலர்ந்திருப்பதால் மனிதன் தாங்குகிறான். கல்லின்மேல் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவிக்கு 'லொய்லு' என்று பெயர். அது உடம்பில் பட்டதும் சூடு சுரீரென்று உறைக்கும்.

குடும்பத்தோடும் கம்பெனி ஆட்களோடும் போவது அங்கே பழைய வழக்கம். முன்பின் அறியாத வக்கீல், கணக்காளர், கடைக்காரர், கம்ப்யூட்டர் துறையினர் ஒரு மாலை நேரம் கூடி உட்காருவது இப்போது பெருகியிருக்கிறது. லண்டன், நியூயார்க் நகரங்களிலும் இது பரவி, சவுனாவையே பார்த்திராதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இதில் வியாபாரி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே விசிட்டிங் கார்டு கிடையாது, கைக்கடிகாரம் கிடையாது, போன் கிடையாது. கோடீசுவரன் யார், குமாஸ்தா யார் என்று தெரியாது. நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே அந்தத் துண்டும் இல்லை! ஆனால் சூட்டறைக்குள் விலை பேசுவது அழகல்ல. சும்மா உட்கார்ந்திருப்பதே அங்கே நாகரிகம். சரக்கு, கெடு, கடன் எல்லாம் வெளியே வந்து ஆறிய பிறகுதான்.

பின்லாந்தின் ஜனாதிபதியாக இருந்த கெக்கோனன், 1960-ல் தம் 60-வது பிறந்த நாளுக்கு வந்த சோவியத் தலைவர் குருஷேவைச் சவுனாவில் உட்கார வைத்து விடிய விடியப் பேசியது பிரசித்தம். மறு வருஷம் சோவியத் சம்மதத்தோடு மேற்கு ஐரோப்பிய வர்த்தகக் கூட்டமைப்பில் பின்லாந்து இணைந்துகொண்டது. வியர்வையால் மட்டும் அது நடந்திருக்காது. ஆனாலும் ஒரே பலகையில் உட்கார்ந்தவனிடம் முகத்தை முறிப்பது கஷ்டம்தான்.

முதல் முறை போகிறவர் முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். பலகையில் துண்டு விரித்து உட்கார வேண்டும். கீழ்ப்படியே போதும், மேலே போகப் போகச் சூடு அதிகம். தண்ணீர் ஊற்றும் முன் மற்றவர்களைக் கேட்க வேண்டும். பத்து நிமிஷம் ஆனாலும் ஆகாவிட்டாலும் தலை கிறுகிறுத்தால் எழுந்து வந்துவிடலாம், யாரும் இளக்காரமாகப் பார்க்க மாட்டார்கள். வீம்பு கூடாது. 2010-ல் ஹெய்னோலா என்னும் ஊரில் 110 டிகிரியில் யார் அதிக நேரம் தாங்குவது என்று உலகப் போட்டி நடந்தபோது, இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்துபோனார். போட்டியே அத்தோடு நின்றது. கிழக்குப் பின்லாந்தில் 2,315 ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், அடிக்கடி சவுனா போனவர்களிடையே திடீர் மாரடைப்புச் சாவு குறைவாகக் காணப்பட்டது. அவர்கள் பழக்கப்பட்டவர்கள். ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு உள்ள நம்மவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. மது அருந்திவிட்டுப் போகவே கூடாது.

கூச்சத்துக்கு வருவோம். ஆடையின்றி உட்காருவதே அங்கே வழக்கம், ஆணும் பெண்ணும் தனித்தனி முறையில். இதில்தான் எனக்கு ஒரு குறை தெரிகிறது. ஆண்கள் முறையில் பேச்சு முற்றிவிட்டால், மறுநாள் கூட்டத்துக்கு வரும் பெண் முதலாளியின் கைக்கு முடிந்த கணக்குதான் வந்து சேரும். நம் சங்கக் கூட்டம் முடிந்தபின் டீக்கடை வாசலில் எத்தனை விஷயம் தீர்மானமாகிறது, அங்கே எத்தனை பெண் வியாபாரிகள் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2016-ல் ஹெல்சிங்கி கடற்கரையில் திறந்த 'லொய்லு' போன்ற இடங்களில் நீச்சலுடையோடு இரு பாலாரும் சேர்ந்தே உட்காருகிறார்கள். தொழில் சந்திப்புக்கு அதுவே பொருத்தமானது.

எந்த முறை என்பதை அழைத்தவரிடமே முன்னதாகக் கேட்டுக்கொள்ளலாம், அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்கும்போதே சாப்பாட்டையும் சொல்லிவிடுங்கள். சவுனா முடிந்ததும் சுட்ட சாசேஜ் கொடுப்பது அங்கே வழக்கம். சைவர்களுக்குத் தட்டில் ஒன்றும் மிஞ்சாது.