கை படாமலே களவுபோகும் திறப்பு

கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் கடல் குளிக்க வருவோரின் வாகனத் தரிப்பிடத்தில் அக்குவா, பிரியஸ், வெசல் என ஜப்பானிய ஹைபிரிட் கார்களைக் காணலாம். இவற்றில் பலவற்றுக்குத் திறப்பைத் துளையில் போட்டுத் திருப்பும் வேலை இல்லை. அது பையில் கிடந்தாலே கதவு திறக்கும். பொத்தானை அழுத்தினால் கார் புறப்படத் தயார். கள்ளனுக்கு வழிவிடுவதும் இதே வசதிதான்.

கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹேர்ட்ஸ் அளவிலான தாழ் அதிர்வெண் சைகையை அனுப்பும். அது ஒன்றிரண்டு மீற்றருக்கு மேல் எட்டாது. அதைக் கேட்ட திறப்பு, தடவைக்குத் தடவை மாறும் இரகசியக் குறியீட்டை உயர் அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும். இந்தக் குறியீட்டை உடைப்பது கடினம். ஆனால் உடைக்கத் தேவையே இல்லை. பழைய முறையில் கார் தூரத்தை அளப்பதில்லை. மறுமொழி கிடைத்தால் திறப்பு பக்கத்தில் இருப்பதாகவே முடிவுகட்டிவிடும்.

பாசிக்குடாவில் ஆழம் குறைவு. கரையில் பையை வைத்துவிட்டு வெகுதூரம் நடந்து போகலாம். அப்போது அந்தப் பையருகே ஒருவனும் காரருகே இன்னொருவனும், சைகையை வாங்கி மற்றவனுக்குக் கடத்தும் அஞ்சற் கருவிகளோடு நின்றால், காரின் சைகை திறப்பை எட்டும், கதவும் திறக்கும். 2011இல் சுவிற்சர்லாந்தின் இ.டி.எச். சூரிச் ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களை இப்படிச் சோதித்தனர். பத்துமே ஏமாந்தன. ஓடும் காரை நிறுத்துவது ஆபத்து என்பதால், புறப்பட்டபின் திறப்பு விலகினாலும் எச்சரிக்கை ஒலி மட்டுமே எழும்.

காப்பு வழிகள் மூன்று. முதலாவது, திறப்பை ஊமையாக்குவது. உலோக இழை வைத்த பை அலைகளைத் தடுக்கும். டொயோட்டாவின் பல திறப்புகளில் பூட்டும் பொத்தானை அழுத்தியபடி திறக்கும் பொத்தானை இரு தடவை அழுத்தினால் திறப்பு உறங்கிவிடும். பிறகு ஏதாவதொரு பொத்தானை அழுத்தினால் விழிக்கும். அசையாமல் கிடந்தால் தானாக உறங்கும் திறப்புகளும் வந்துள்ளன.

இரண்டாவது, நேரத்தை அளப்பது. புதிய கார்கள் சிலவற்றில் உள்ள மீயகல் அலைவரிசை நுட்பம், சைகை போய்வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கும். ஒரு நனோசெக்கனில் ஒளி செல்வது 30 சென்ரிமீற்றர். அஞ்சற் கருவியால் சைகையின் வலுவைக் கூட்டலாம். பயண நேரத்தைக் குறைக்க முடியாது.

மூன்றாவது, ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு. முன்விளக்கின் கம்பிவழியே காரின் உள்வலையமைப்புக்குப் பொய்க்கட்டளை செலுத்தும் களவு வெளிநாடுகளில் நடந்திருக்கிறது. அதற்குத் திறப்பே தேவையில்லை என்பதால் உலோகப் பையும் உதவாது. அங்கே தடையாக நிற்பது இந்தப் பூட்டுத்தான்.

பை வாங்கினால், திறப்பை அதற்குள் வைத்துக் காரின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் அந்தப் பை வேண்டாம்.